ஒப்பரேஷனுக்கு முன் உடம்பில் இருப்பு எவ்வளவு?

(தோட்டப் பிள்ளைக் காப்பகத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில், சத்திரசிகிச்சை வாட்டில் பல வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



நானும் லயத்துக் காம்பராவில் பிறந்தவள்தான். என் அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா கவ்வாத்து வெட்டினார். அதனால் இன்று சொல்ல வந்த விஷயத்தைக் கவ்வாத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னால் சில மலைகளில் வேரைத் தோண்டி எடுத்து, வெட்டிய இடத்தில் அயடீன் தடவிப் பார்ப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா? வேர் நன்றாகக் கறுத்தால் உள்ளே மாச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். நிறம் மாறாவிட்டால் இருப்பு இல்லை. இருப்பு இல்லாத செடியை வெட்டினால் அது துளிர்க்காது, பட்டுப்போகும். அதனால் அந்த மலையைக் கொஞ்ச நாள் ஓய்வில் விட்டு, பிறகுதான் கத்தி வைப்பார்கள்.

மனுஷ உடம்பும் அப்படித்தான். ஒப்பரேஷன் என்பது உடம்புக்கு ஒரு கவ்வாத்து. வெட்டுவது டொக்டர். வெட்டிய இடம் கூடுவது நம்முடைய உடம்பில் இருக்கும் இருப்பைக் கொண்டுதான். தோல் ஒட்ட வேண்டும், குடலில் போட்ட தையல் பிடிக்க வேண்டும், கிருமியோடு சண்டை போட வேண்டும். இதற்கெல்லாம் முக்கியமாகத் தேவைப்படுவது புரதம். சாப்பாட்டில் வருவது போதாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். கரைக்கத் தசையும் இல்லாவிட்டால் என்ன செய்யும்? புண் ஆறாது. சளி கட்டும். காய்ச்சல் வரும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1936ல் அமெரிக்காவில் ஸ்டட்லி என்ற சத்திரசிகிச்சை டொக்டர், வயிற்றுப் புண்ணுக்கு ஒப்பரேஷன் செய்த ஆட்களின் கணக்கைப் பார்த்தார். ஒப்பரேஷனுக்கு முன்பே உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். அந்த அளவுக்கு மெலியாதவர்களில் இறந்தது நூற்றுக்கு மூன்று நாலு பேர்தான். அவர் எந்தப் பெரிய மெஷினும் வைத்துப் பார்க்கவில்லை, தராசைத்தான் பார்த்தார்.

இரத்தத்தில் பார்ப்பது என்ன?

இப்போது ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு முன் இரத்தம் எடுப்பார்கள். ரிப்போட்டில் "அல்புமின்" என்று ஒரு வரி இருக்கும். அல்புமின் என்பது நம்முடைய ஈரல் செய்கிற ஒரு புரதம். இரத்தத்தில் இருக்கும் தண்ணீர் குழாயை விட்டு வெளியே கசியாமல் பிடித்து வைப்பது அதன் முக்கியமான வேலை. மருந்தையும் வேறு சத்துக்களையும் சுமந்துகொண்டு போவதும் அதுதான். ஒரு லீற்றர் இரத்தநீரில் 35 முதல் 50 கிராம் வரை இருப்பது சாதாரணம். அது மிகவும் குறைந்தால் காலில் நீர் இறங்கி வீங்கும்.

இந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பு உண்டு. அமெரிக்காவில் பழைய இராணுவத்தினருக்கான 44 ஆஸ்பத்திரிகளில், பெரிய ஒப்பரேஷன் செய்த 54,215 பேரின் கணக்கை 1999ல் வெளியிட்டார்கள். அல்புமின் 46க்கு மேல் இருந்தவர்களில் ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 21க்குக் கீழே இருந்தவர்களில் நூற்றுக்கு 29 பேர். அதனால்தான் டொக்டர்மார் அந்த வரியைத் தேடிப் பார்க்கிறார்கள்.

இதைப் பார்த்து நாங்களும் நீண்ட காலமாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தோம். "அல்புமின் குறைந்தால் ஆள் சரியாகச் சாப்பிடவில்லை. அல்புமின் சரியென்றால் சாப்பாடு சரி." படிக்கும்போது எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதுதான். அந்தக் கணக்கில் பாதி பிழை. அதை எனக்குக் காட்டித் தந்தவர்கள் இரண்டு நோயாளிகள். பெயர் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் நம்மைப் போலத் தோட்டத்து ஆட்கள்.

ஒரு அம்மாவும் ஒரு அண்ணனும்

முதலாவது ஆள் ஒரு கொழுந்தெடுக்கிற அம்மா, வயது நாற்பது இருக்கும். வயிற்றுப் புண் முற்றி இரைப்பையின் வாய் சுருங்கிப் போயிருந்தது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. நாலு மாதமாகக் கஞ்சியும் தேத்தண்ணியும்தான். ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. இரத்த ரிப்போட் வந்தது. அல்புமின் 38. அவருடைய வீட்டுக்காரர் என்னிடம், "மிஸ்ஸி, இரத்தம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் தாளைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்றேன்.

தாளைத்தான் பார்த்தேன். அந்த அம்மாவின் கையைப் பார்க்கவில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாலு மாதத்துக்கு முன் 47 கிலோ இருந்தவர், அன்றைக்கு 39 கிலோ. அந்தப் பழைய எடை அவருடைய கிளினிக் கொப்பியிலேயே எழுதியிருந்தது. நான் புரட்டிப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் டொக்டரிடம் சொல்லியிருப்பேன். குழாய் வழியாகவாவது பத்து நாள் சத்து ஏற்றிவிட்டு ஒப்பரேஷன் செய்திருக்கலாம்.

ஒப்பரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. எட்டாம் நாள் வயிற்றில் போட்ட தையல் பிரிந்தது. திரும்பவும் தைத்தார்கள். சளிக் காய்ச்சல் வந்தது. 46 நாள் வாட்டில் கிடந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் இந்த 46 நாளும் வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்தியது. அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகவேயில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டாவது ஆள் ஒரு அண்ணன். பக்டரியில் வேலை, நல்ல கட்டான உடம்பு. குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் கட்டி வந்தார். அல்புமின் 21. "புரதம் குறைஞ்சு போச்சாம்" என்ற பேச்சு எப்படியோ அவர் மனைவியின் காதுக்குப் போய்விட்டது. அந்தத் தங்கச்சி தன் தோட்டை அடகு வைத்து மூன்று பெரிய டின் புரதப் பவுடர் வாங்கிக்கொண்டு வந்தது. அவருக்கோ ஒரு வாய் தண்ணீர் இறங்காத நிலைமை. டொக்டர் சீழை வெளியே எடுத்து, மருந்து ஏற்றினார். காய்ச்சல் இறங்கியது. பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தார். மூன்று கிழமைக்குப் பிறகு அல்புமின் 30க்கு வந்தது. அந்த டின் மூன்றும் அதுவரை உடைக்கப்படவேயில்லை.

ஐந்து நாளுக்கு முன்வரை மூன்று வேளையும் சாப்பிட்ட ஆளுக்கு அல்புமின் 21. நாலு மாதம் பட்டினி கிடந்த அம்மாவுக்கு 38. இது எப்படி?

ஈரல் என்ற பக்டரி

தோட்டத்தில் ஒரு நாள் மண்சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரட்டில் நின்ற ஆட்களையெல்லாம் ரோட்டைத் துப்பரவாக்க அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு மடுவத்தில் கொழுந்து நிறுவை குறைந்துதான் இருக்கும். அதைப் பார்த்து "மலையில் கொழுந்தே இல்லை" என்று சொல்லலாமா? கொழுந்து இருக்கிறது, ஆள்தான் வேறு வேலைக்குப் போயிருக்கிறது.

உடம்பில் கிருமி புகுந்தாலும், பெரிய காயம் பட்டாலும், ஒப்பரேஷன் நடந்தாலும் ஈரல் இப்படித்தான் செய்யும். அல்புமின் செய்வதைக் குறைத்துக்கொண்டு, சண்டைக்குத் தேவையான வேறு புரதங்களைச் செய்யத் தொடங்கும். அதில் ஒன்றுதான் ரிப்போட்டில் வருகிற "சி.ஆர்.பி.". அதே நேரம் இரத்தக் குழாய்களின் சுவரும் இளகி, இருக்கிற அல்புமின் வெளியே கசியும். சேலைன் ஏற்றினால் இரத்தம் ஐதாகி, எண் இன்னும் இறங்கும். ஒப்பரேஷன் முடிந்த மறுநாளே அல்புமின் குறைவது இதனால்தான். ஒரே இராத்திரியில் யாரும் போஷாக்குக் குறைந்தவர் ஆகிவிடுவதில்லை.

மறுபக்கம், வெறும் பட்டினியில் அல்புமின் அவ்வளவு சுலபமாக இறங்காது. ஒரு தடவை செய்த அல்புமினில் பாதி கழிய ஏறக்குறைய 20 நாள் பிடிக்கும். தசையைக் கரைத்தாவது ஈரல் அதைச் செய்துகொண்டே இருக்கும். 1944, 45ஆம் வருஷங்களில் அமெரிக்காவின் மினசோட்டாவில், சம்மதித்து வந்த 36 வாலிபர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. எலும்பும் தோலுமானார்கள். இரத்தப் புரதம் மட்டும் கொஞ்சமே குறைந்தது. நம்முடைய அம்மாவின் 38க்கும் காரணம் இதுதான். எண்ணைக் காப்பாற்ற அவருடைய உடம்பு தசையைச் செலவழித்திருந்தது.

"அப்படியென்றால் வேறு புரதம் பார்க்கலாமே?" என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள். பிரிஅல்புமின் என்று ஒன்று உண்டு. அதில் பாதி இரண்டே நாளில் கழிந்துவிடும். அதனால் சாப்பாட்டின் ஏற்ற இறக்கத்தைச் சீக்கிரம் காட்டும் என்று நம்பினார்கள். ஆனால் காய்ச்சல், சீழ் வந்தால் அதுவும் அல்புமினோடு சேர்ந்து கீழே விழும். இரும்புச்சத்தைச் சுமக்கிற டிரான்ஸ்பெரின் என்று இன்னொன்று. இரும்புச்சத்துக் குறைந்தால் அது கூடும். இரத்தச்சோகை உள்ள ஒரு அம்மாவுக்கு உடம்பு மெலிந்திருந்தாலும் இந்த எண் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். நம்மில் எத்தனை பேருக்கு இரத்தம் குறைவு என்று உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் பார்த்துத்தான், நோயாளர் போஷாக்கைப் பற்றி ஆராய்கிற ஆஸ்பென் என்ற அமெரிக்க அமைப்பு 2020ல் ஒரு முடிவைச் சொன்னது. அல்புமினும் பிரிஅல்புமினும் உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும். ஒப்பரேஷனில் ஆபத்துக் கூட என்று எச்சரிக்கும். ஆள் போஷாக்கோடு இருக்கிறாரா என்பதை அவற்றை வைத்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது.

அதற்காக அந்தப் பரிசோதனை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவின் எஸ்பென் அமைப்பு 2017ல் தந்த வழிகாட்டியில், ஈரலும் சிறுநீரகமும் நன்றாக உள்ள ஒருவருக்கு அல்புமின் 30க்குக் கீழே இருந்தால் அதையும் ஒரு அபாய அறிகுறியாகத்தான் சேர்த்திருக்கிறார்கள். ஈரல் பழுதானால் அல்புமின் செய்ய முடியாது. சிறுநீரகம் பழுதானால் சிறுநீரோடு போய்விடும். அதனால் எண் குறைந்தால் "ஏன் குறைந்தது?" என்று தேட வேண்டும். சி.ஆர்.பி.யும் கூடியிருந்தால், எங்கே கிருமி, எங்கே சீழ் என்று முதலில் பார்ப்பார்கள். அந்த அண்ணனுக்குத் தேவைப்பட்டது சீழை எடுக்கிற கத்தி. பவுடர் டின் அதற்குப் பதிலாகாது. சிலர் "அல்புமின் போத்தல் ஏத்தினா சரியாகும்" என்பார்கள். அந்தப் போத்தல் சில நோய்களுக்கு மருந்து. சாப்பாட்டுக்குப் பதிலாக அதை ஏற்றுவதில்லை.

நாமே பார்க்கக்கூடியவை

சரி, போஷாக்கை எப்படித்தான் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஒன்று, எடை. ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் தானாகக் குறைந்தாலே கவனிக்க வேண்டும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் போனால் ஆபத்து. 50 கிலோ ஆள் 45க்கு வந்தால் அது பத்துப் பங்கு. மடுவத்தில் கொழுந்தை ஒரு கிலோ குறைத்து எழுதினால் சண்டைக்குப் போகிறோம். நம்முடைய உடம்பில் ஐந்து கிலோ குறைந்தால் ஒருவரிடமும் சொல்வதில்லை.

இரண்டு, உயரத்துக்கு ஏற்ற எடை. 150 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் ஏறக்குறைய 42 கிலோவுக்குக் கீழே இருந்தால் அது குறைவு.

மூன்று, சாப்பாடு. கடந்த ஒரு கிழமையாக வழக்கத்தில் பாதியாவது உள்ளே போகிறதா?

நாலு, தசையும் பலமும். வளையல் கழன்று வருகிறதா, சட்டை தொளதொள என்று ஆகிவிட்டதா, நெற்றிப் பொட்டுப் பக்கம் குழி விழுந்திருக்கிறதா, வழக்கமாகத் தூக்குகிற தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடிகிறதா?

இதில் ஒரு எச்சரிக்கை. மழைநாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு என்று கழிப்பார்களே, அதுபோல வீக்கம் உள்ள ஆளின் எடையிலும் தண்ணீர் இருக்கும். கால் வீங்கி எடை கூடினால் உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். டொக்டரிடம் காட்டுங்கள்.

என்ன செய்யலாம்?

கடுமையாக மெலிந்த ஆளுக்கு, அவசரமில்லாத பெரிய ஒப்பரேஷன் என்றால், 7 முதல் 14 நாள் வரை சத்து ஏற்றிவிட்டுச் செய்வது நல்லது என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். டொக்டர் நாளைத் தள்ளிப் போட்டால் "நம்மளைத் தட்டிக் கழிக்கிறாங்க" என்று கோபிக்காதீர்கள். எதற்காகத் தள்ளினார், அதுவரை என்ன சாப்பிட வேண்டும் என்று கேளுங்கள். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்குக் குழாய் வழியாகக் கொடுக்கலாம். அதற்கும் பயப்பட வேண்டாம்.

ஒப்பரேஷன் நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 45 கிலோ ஆளுக்கு 54 முதல் 67 கிராம். நம் வீட்டுச் சாப்பாட்டில் அது கிடைக்குமா? கூட்டிப் பாருங்கள். காலையில் 100 கிராம் கோதுமை மாவு ரொட்டி, 10 கிராம் புரதம். ஒரு முட்டை, 6. பகலில் 150 கிராம் அரிசிச் சோறு, 10. பருப்பு 50 கிராம், 12. பின்னேரம் அவித்த பயறோ கௌபியோ 40 கிராம், 9. இரவில் அதே அளவு சோறு, 10. நெத்தலிக் கருவாடு 20 கிராம், சுமார் 10. மொத்தம் 67. எல்லாம் கடையில் கிடைக்கிற சாமான்தான். விலைவாசி எனக்கும் தெரியும். தோட்டை அடகு வைத்து டின் வாங்குகிற காசில் எத்தனை முட்டை, எத்தனை கிலோ பருப்பு வரும் என்று அந்தத் தங்கச்சியோடு உட்கார்ந்து நான் கணக்குப் போட்டிருக்கிறேன். பவுடர் வேண்டுமா என்பதை டொக்டர் சொல்லட்டும்.

வெறும் ரொட்டியும் சம்பலும், கறுப்புத் தேத்தண்ணியும் வயிற்றை நிரப்பும். புண்ணை ஆற்ற அது போதாது.

இன்னொரு விஷயம், பத்தியம். ஒப்பரேஷன் செய்த ஆளுக்கு "முட்டை குடுத்தா புண் சீழ் வைக்கும், மீன் கிரந்தி, பருப்பு வாய்வு" என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவோம். பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் நிறுத்துகிற மூன்றும் புரதம்! புண் ஆற எது வேண்டுமோ அதையே பறித்துவிடுகிறோம். முட்டையாலும் மீனாலும் சீழ் வைக்காது, கிருமியால்தான் வைக்கும். முன்பு சாப்பிட்டு ஒத்துக்கொண்ட முட்டை, மீன், பருப்பு எதையும், டொக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் நிறுத்த வேண்டாம். சிறுநீரக வருத்தம், ஈரல் வருத்தம், சீனி வியாதி உள்ளவர்கள் மட்டும் தங்கள் அளவைத் தங்கள் டொக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒப்பரேஷனுக்கு முன் பட்டினி கிடப்பதிலும் கவனம் வேண்டும். எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது, எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம் என்று வாட்டில் கேட்டு, அதன்படி மட்டும் நடவுங்கள். சொன்ன நேரத்துக்குப் பிறகு சாப்பிட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போது உயிருக்கே ஆபத்து. ஆனால் பயத்தில் முதல்நாள் காலையிலிருந்தே பட்டினி கிடக்கவும் வேண்டாம்.

கடைசியாக அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர்கள் நீங்கள். ஆஸ்பத்திரியில் "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு "எல்லாம் நல்லாத்தான் மிஸ்ஸி" என்கிறீர்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் சொன்னார். தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள். "நாலு மாசமா கஞ்சிதான், எட்டுக் கிலோ குறைஞ்சிருச்சு" என்று சொல்லுங்கள். எங்களுக்கு நேரமில்லாவிட்டாலும், நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்த ஒரு வரி எந்த இரத்த ரிப்போட்டிலும் வராது.

அதற்காக இன்றைக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். வெளியே மேசைப் பக்கத்தில் தராசு வைத்திருக்கிறோம். எல்லோரும் ஏறி நின்று, திகதி போட்டு எடையை உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை எழுதுங்கள். என்றைக்காவது ஒப்பரேஷன் என்று வந்தால், அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய், "இதைப் பாருங்க" என்று முதலில் நீட்டுங்கள். அன்றைக்கு நான் புரட்டாமல் விட்ட பக்கத்தை இனி யாரும் புரட்டாமல் விடக் கூடாது.